வெடிப்பின் மேல் மூன்று கண்ணாடித் துண்டுகள்

எனக்கு மழை என்றால் பயம். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒனக்கு மழையே இல்லாத மன்னார் பக்கம் மாப்புள பாத்திருக்கணும்" என்று என் கணவர் கேலி செய்வார். சும்மா தூறலைச் சொல்லவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலையில் மண்ணிலிருந்து ஒரு பச்சை வாடை கிளம்புமே, அந்த மழையைச் சொல்கிறேன். அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டால் எனக்கு வகுப்பில் பாடம் ஓடாது, சாப்பாடு இறங்காது. முன்னால் அகப்பட்டவர் மேல் எரிந்து விழுவேன்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தின் பின்னால் மண் சரிந்தது. மூன்று குடும்பங்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் போய்விட்டன. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதற்குப் பிறகு வரவில்லை. அவளுடைய கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது, பார்த்து எழுத வாங்கியது. அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் பயம். அந்த வருடம் முடியும்வரை அதைப் பையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இப்படிப்பட்டவள் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மலையை வெட்டிக் கட்டிய ஒரு பாழடைந்த வீட்டை வாங்கினேன் என்றால், அதற்கு அம்மாதான் காரணம்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவள் இருந்த லயத்துக் காம்பரா அவளுடையது அல்ல. தோட்டத்தில் யாராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் அந்தக் காம்பரா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான். காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நானும் கணவரும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். அங்கே மூன்றாவது ஆளுக்குப் பாய் விரிக்க இடம் கிடையாது.

அம்மாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் படுக்கும் அறையின் சுவர் இன்னொருவர் வீட்டுச் சுவராக இருக்கக் கூடாது. அறுபத்து மூன்று வருடமும் இடப்பக்கத்து வீட்டு இருமலையும் வலப்பக்கத்து வீட்டுச் சண்டையையும் கேட்டுக்கொண்டே தூங்கியவள் அவள்.

எங்கள் காசுக்கு எட்டிய வீடு அது ஒன்றுதான். ஒரு வயதான தம்பதி இருந்த வீடு. அவர்கள் காலமான பிறகு வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பூட்டிப் போட்டுவிட்டார்கள். பதினொரு வருடம் பூட்டியே கிடந்திருக்கிறது. நாங்கள் முதன்முதலில் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வௌவால் வாடை முகத்தில் அடித்தது. குரங்குகள் ஓடுகளைப் பிரித்துப் போட்டிருந்ததால் கூடத்தில் வானம் தெரிந்தது. சிவப்புச் சீமெந்துத் தரையில் பாசி. அலுமாரி ஒன்று கறையான் தின்று, தொட்டதும் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அப்போதே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராகப் பின்னால் போனாள். வீட்டுக்குப் பின்னால், ஒரு சிறிய நடையால் மட்டும் வீட்டோடு சேர்ந்திருந்த தனி அறை. அம்மா நான்கு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு?" என்றாள்.

"யாருமில்லம்மா. மலைதான்."

"அப்ப இது என் ரூமு."

அம்மா தட்டிய அதே சுவரில்தான் வெடிப்பு இருந்தது. யன்னலின் மூலையில் தொடங்கி, சாய்வாக இறங்கி, தரைவரை வந்திருந்தது. என் சுண்டுவிரல் நகம் அதற்குள் போனது. கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சுவருக்கு வெளியே நான்கு அடி இடைவெளி, அதற்கப்பால் நிமிர்ந்து நிற்கும் மண்திட்டு, அதன் மேல் காடு. எனக்கு அந்தக் கணக்குக் கொப்பி நினைவு வந்தது.

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருத்தி மடவளையில் இருந்து வருகிறாள். அவளுடைய கணவர் வீடு கட்டும் மேசன். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நானா வெடிப்பை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், வெடிப்பில்லாத பழைய ஊடு கண்டில எங்க ஈக்கி? இது எப்பவோ வெடிச்சி நின்டதா, இல்லாட்டி இன்னும் நடக்குதான்டுதான் பாக்கோணும்."

"எப்படிப் பாக்குறது நானா?"

அவர் அந்த அறையின் உடைந்த யன்னலில் இருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றினார். பழைய காலத்துக் கண்ணாடி, தடிப்பானது, லேசான பச்சை நிறம். அதில் இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் மூன்று துண்டு வெட்டினார். வெடிப்பின் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்து, இரு முனையிலும் சீமெந்து உருண்டை வைத்து ஒட்டினார். சீமெந்தின் மேல் பென்சிலால் திகதி எழுதினார்.

"மாரி மழ முடியுற மட்டும் ஒடையாம ஈந்தா பயமில்ல, பூசி மறைச்சிடலாம். ஒடஞ்சா மல தள்ளுதுன்டு அர்த்தம். அப்ப இந்த ரூம்ல யாரும் படுக்க ஏலா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பயந்தால் இன்னும் சும்மா இருக்காது. "ஒரு துண்டு ஒடைஞ்சாலும் போதும், எனக்கு இந்த வீடே வேணாம். வித்துட்டு வாடகைக்கே போயிருவேன். எழுதி வச்சிக்கோங்க" என்றேன். அம்மா வாசலில் குந்தி, தரை துடைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

வேலை தொடங்கியது. ஒவ்வொரு சனி ஞாயிறும் கூலியில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் சிரமதானம்தான். தம்பி கொழும்பிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தான். மடுல்கெல்லையில் இருந்து ஒன்றுவிட்ட அண்ணன்மார் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். தோட்டத்து ஆட்களிடம் மலைச்சரிவைக் காட்டினால் முதலில் கான் வெட்டத்தான் இடம் பார்ப்பார்கள். அண்ணன்மார் வீட்டுக்கு மேலே, காட்டோரமாக, மழைத்தண்ணீர் பக்கவாட்டில் போய்விழ ஒரு கான் வெட்டினார்கள். சாப்பாட்டை மடவளைச் சினேகிதி பார்த்துக்கொண்டாள். பெரிய சட்டி நிறையச் சோறு, கத்தரிக்காய் மோஜு, பருப்பு. எங்கள் ஆட்களுக்கு அவள் கைச் சமையலில் அப்படி ஒரு பிடிப்பு வந்து, மூன்றாவது வாரம் கூப்பிடாத ஆளெல்லாம் வேலைக்கு வந்தது.

சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் சந்தோசமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு பயம். கணவர் கூரையில் ஏறினால் நான் கீழே நின்று, "அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கம் மிதிங்க" என்று கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் உண்மையிலேயே உக்கிப்போன ரீப்பைக் கட்டை முறிந்து, அவருடைய ஒரு கால் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு கூடத்தில் தொங்கியது. செருப்புப் போட்ட கால். மேலே இருந்து, "ஒன்னும் ஆகல, நீ கத்தாத" என்று சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன், எதற்கென்று எனக்கே தெரியாது.

இன்னொரு நாள் தம்பி சமையலறைக் கூரைக்குள் குளவிக்கூடு கண்டான். "குளவி" என்று மெதுவாகத்தான் சொன்னான். கொழுந்து மலையில் குளவி ஆளைக் கொல்லும் என்று தெரிந்த, தோட்டத்தில் பிறந்த அத்தனை பேரும் அந்த நொடியே தரையில் குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொண்டோம். நானாவும் சினேகிதியும் மட்டும் எங்களுக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பழைய கூடு, உள்ளே ஒன்றுமில்லை. எழுந்து தூசி தட்டும்போது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஓடு மாற்றும்போது வாசலிலிருந்து ஏணிவரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினோம். அம்மா வரிசையின் முதல் ஆள். தன் அறைக்குரிய ஓடுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். "மேல போற ஓட்டுக்கு என்னாத்துக்கும்மா மொகம் கழுவுற?" என்று தம்பி கேட்டான். அம்மா அடுத்த ஓட்டைத் துடைத்தாள்.

தோட்டத்துக் காம்பராவைக் கையளிக்க வேண்டிய நாள் வந்ததால், வேலை முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே அம்மா புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். நாங்கள் கடைக்கு மேல் வீட்டிலேயே இருந்தோம். தனியாக இருக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "என் ரூமுல நான் இருக்கிறதுக்கு என்னா?" என்றாள். அந்த இரண்டு வாரத்தில் பின்னேரங்களில் இடியோடு மழை பெய்தது. நான் பாடசாலை விட்டதும் ஓட்டமும் நடையுமாக மலையேறிப் போய்க் கண்ணாடியைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்றும் முழுதாக இருந்தன. ஒரு நாள் அம்மாவின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டேன். "கத்தி பட்டுருச்சு" என்றாள். வெடிப்புக்குள் சுண்ணாம்பும் மண்ணும் குழைத்து அடைத்திருந்தது. கேட்டேன். "எறும்பு வருது" என்றாள்.

பரீட்சையில் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளையைக் கண் அசைவை வைத்தே பிடித்துவிடுவேன் என்று பாடசாலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். தம்பி மனைவியும் கைக்குழந்தையும் வந்திருந்தார்கள். அன்று அவர்கள் தங்குவதற்கு அம்மாவின் அறையில்தான் பாய் போட்டேன், அதுதான் பெரிய அறை. அம்மா வந்து பாயைச் சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். "அங்க குளிரு. பச்சப்புள்ளைக்கு ஆகாது" என்றாள். அன்று ஒன்றும் அப்படிக் குளிரவில்லை. தன் அறை மேல் அம்மாவுக்கு வந்திருக்கும் உரிமையைப் பார் என்று நான் கணவரிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தேன்.

அதன் பிறகு நாங்களும் குடிவந்தோம். மாரி மழை இறங்கியது. காலையில் பாடசாலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கண்ணாடியைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்று சொல்கிறேனே தவிர, விரலால் தடவுவேன், அவ்வளவுதான். விரிசல் தட்டுப்படாது. "மூனு பேரும் வந்திருக்காங்களா? வரவு இடாப்பு மார்க் பண்ணியாச்சா?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்பார். சீமெந்தின் மேல் எழுதிய திகதி மங்கிப்போயிருந்தது. ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம். மழை கொட்டுகிறது, கண்ணாடி அப்படியே இருக்கிறது. எனக்குள் எதுவோ மெல்ல இளகியது. பெரிய மழை பெய்த ஒரு காலையில் விழித்தபோதுதான், இரவு நான் ஒரு தடவைகூட எழவில்லை என்பது தெரிந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு மழைச் சத்தத்தில் நான் தூங்கியது அப்போதுதான். சினேகிதியிடம் போய் பெருமையாகச் சொன்னேன். "பாத்தீங்களா டீச்சர், ஒடையாட்டி பயமில்லன்டு அவர் செல்லல்லயா?" என்றாள். அப்படி ஐந்து வாரம்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு அன்று பிரஷர் கிளினிக். கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார். வியாழனும் புதனும் மழை விடவில்லை. வெள்ளி காலையில் கொஞ்சம் ஓய்ந்து, அந்தப் பச்சை வாடை வந்தது. நான் பயப்படவில்லை. கண்ணாடி இருக்கிறதே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் படத்துக்குச் சந்தனம் வைப்பது அம்மாவின் வேலை. படம் அவள் அறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. குடிவந்த நாளிலிருந்து என்னை அதைத் தொட விட்டதில்லை. "நான் வைக்கிறேன், நீ போய் வேலையப் பாரு" என்பாள். அன்று அவள் இல்லாததால் நான் குளித்துவிட்டுச் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு ஏறினேன். பழைய பொட்டெல்லாம் மரச்சட்டத்தில்தான் இருந்தது. நான் அப்பாவின் நெற்றியில் விரலை வைத்தேன்.

விரல் வழுக்கவில்லை. சந்தனம் காகிதத்தில் ஊறியது. அப்பாவின் நெற்றியில் ஈரம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டத்தில் கண்ணாடி இல்லை.

வீடு மாறும்போது உடைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னால் நான் கத்துவேன் என்று அம்மா மறைத்திருப்பாள், பாவம், புதுக் கண்ணாடி போட்டுவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டே கட்டையிலிருந்து இறங்கித் திரும்பினேன். எதிர்ச் சுவரில் மூன்று துண்டுகள். அன்றுதான் அவற்றைக் கண்ணால் பார்த்தேன். பச்சை நிறம் இல்லை. மெல்லிய கண்ணாடி, ஓரங்கள் கோணல்மாணல். நடுத் துண்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு அரைவட்டம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம்.

அதற்குப் பிறகு என் கால் என் சொல் கேட்கவில்லை. ஓடியது மட்டும் தெரியும். குடை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. முன்வாசல் தாண்டி, பாதையோரம் வந்து நின்றபோது தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. கையில் போன் இருந்தது பெரிய விசயம். நானாவுக்கு எடுத்தேன். என் பல் கிட்டியதில் அவருக்குப் பாதி விளங்கவில்லை. "டீச்சர் உள்ள போகாதீங்க, நான் வாறேன்" என்றது மட்டும் எனக்கு விளங்கியது.

நானா வந்து பின்னறையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவும் கணவரும் கிளினிக்கில் இருந்து திரும்பினார்கள். அம்மா கையில் மாத்திரைப் பை. நான் மழையில் நிற்பதைப் பார்த்தாள். என் விரலில் சந்தனத்தைப் பார்த்தாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன தடவ ஒடைஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"மூனு தடவ."

"மொத தடவ எப்ப?"

"நான் தனியா இருந்தப்ப. அந்த இடி மழைக்கு. யன்னல்ல மிச்சமிருந்ததையும் கழட்டிப் பாத்தேன். அது தடிப்பு, என் கையால வெட்ட முடியல. அதான் அப்பாவோடத எடுத்தேன். சாக்குல சுத்தித் தட்டுனேன்."

"ஏன் சொல்லல?"

"நீதானே சொன்ன. ஒடைஞ்சா வித்துட்டுப் போயிருவேன்னு." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் வாடகைக்குப் போயிருவீங்க. எனக்குப் போறதுக்கு எங்க எடமிருக்கு? காம்பராவையும் குடுத்தாச்சு."

"மண்ணு வந்திருந்தா?"

"வந்தா அந்த ரூமுலதானே வந்திருக்கும். அங்க நான் மட்டுந்தானே இருந்தேன். புள்ளையக்கூட நான் படுக்க விடலியே."

நான் கத்தினேன். பாதையில் போனவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. அம்மாவைப் பார்த்து அப்படிப் பேசக் கூடாது. கணவர் என் தோளைப் பிடித்து, "போதும், விடு" என்றார். நான் கத்தியதில் பாதி என் மேலேயே எனக்கு வந்த கோபம். அம்மாவை அந்தக் கண்ணாடியை எடுக்க வைத்தது என் வாய்தான்.

நானா எங்களைக் கூப்பிட்டார். அம்மா அடைத்திருந்த சுண்ணாம்பு மண்ணை அவர் ஆணியால் கிளறி எடுத்திருந்தார். முன்பு என் நகம் போன இடத்தில் இப்போது சுண்டுவிரல் முழுதாகப் போனது. உள்ளே சில்லென்று ஈரம். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"கட்டில இப்பவே எடுங்க. நாளைக்கிண்டு வைக்க வேணாம்."

அன்று பின்னேரமே அம்மாவின் கட்டில் முன் கூடத்துக்கு வந்தது. சனிக்கிழமை, மண்சரிவு பார்க்கும் அரசாங்க ஆபிசில் இருந்து ஒருவர் வந்து மலையையும் வீட்டையும் பார்த்தார். முன்வீடு கல்லின் மேல் நிற்கிறது, பின்னறையை மட்டும் பிற்காலத்தில் நிரப்பிய மண்ணின் மேல் கட்டியிருக்கிறார்கள், அதைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் போக வழி விடுங்கள் என்றார். உடைக்க வேண்டும் என்றதும் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் மறுபடி வந்தார்கள். தம்பி, அண்ணன்மார், நானா, சட்டியோடு சினேகிதி. அதே வரிசையில் நின்றோம். இந்தத் தடவை ஓடு மேலிருந்து கீழே வந்தது. பேச்சு இல்லை, கேலி இல்லை. எல்லோரும் காதை மலையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். ஒரு கல் உருண்டாலும் அத்தனை தலையும் மலைப் பக்கம் திரும்பியது. அம்மா வரிசையின் கடைசி ஆளாக நின்று, இறங்கி வந்த தன் ஓடுகளை வாங்கி முற்றத்தில் அடுக்கினாள். துடைக்கவில்லை. மத்தியானம் சுவர்களைக் கயிறு கட்டி இழுத்தார்கள். வெடிப்புச் சுவர் அவ்வளவு லேசாக வந்துவிட்டது. இரண்டு பேர் இழுத்தது போதுமாக இருந்தது. அதைப் பார்த்து நானா தலையை ஆட்டிக்கொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து ஒன்பதாவது நாள், மத்தியானம் கடந்து, நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தோம். வெளியே சாதாரண மழைதான். பின்னால் லொறியில் இருந்து மணல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் லொறி வர வழியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முப்பது வருடமாக இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன், அது வந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே மரமாகிவிட்டேன். அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினாள். அந்தப் பிடியின் தடம் இரண்டு நாள் என் மணிக்கட்டில் இருந்தது.

மழை விட்ட பிறகு, கணவர் வந்த பிறகுதான் பின்னால் போய்ப் பார்த்தோம். பின்னறை இருந்த சிவப்புச் சீமெந்துத் தரை தெரியவில்லை. முழங்கால் அளவு செம்மண். கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் இடுப்பளவு. அதன் மேல் ஒரு பற்றைச் செடி வேரோடு வந்து, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. முன்வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கணவர் அம்மாவின் தோளில் கையை வைத்தார். மாமியாரை அவர் அதற்கு முன் தொட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அம்மா முன் கூடத்தில்தான் படுக்கிறாள். எங்கள் அறைக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர். என் கணவரின் குறட்டை அந்தச் சுவர் வழியாக நன்றாகக் கேட்கும். அப்பாவின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டோம். நெற்றியில் ஊறிய சந்தனக் கறை மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது. அம்மாவின் மெத்தைக்கு அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு துண்டு மிச்சமிருந்தது, நாலாவது தடவைக்கு. அதை என்ன செய்வது என்று தெரியாமல் என் மேசை லாச்சியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மண் வந்த மறுநாள், இரண்டு பேரும் அந்தப் பாதி அவரைக்காயை மறுபடி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது நான் கேட்டேன்.

"அந்த அஞ்சு வாரமும் ஒனக்குப் பயமே இல்லியாம்மா?"

அம்மா ஒரு காயின் நாரை முழுதாக உரித்துவிட்டுச் சொன்னாள்.

"பயமில்லாம என்னா. மழ பேஞ்சா படுக்க மாட்டேன். கட்டில்ல ஒக்காந்து, செவுத்துல கைய வச்சிக்கிட்டே இருப்பேன். ஆடுச்சுன்னா ஒன்ன எழுப்பணும்ல."

நான் நன்றாகத் தூங்கிய இரவுகளை எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் மழை பெய்த இரவுகள்.